அடுப்படிச் சாமானில் பெயர் வெட்டினவன்

பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறவனிடம் வருகிறவர்கள் எல்லோரும் தங்கள் பெயரைச் சொல்வார்கள். அவன் பெயரை ஒருவரும் கேட்க மாட்டார்கள். "ஏனுங்க, பேர் வெட்டறவரே" என்பதோடு சரி. நாள் முழுக்க ஒரே இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிழைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், முழங்கால் வலியைப் பற்றி நான் தனியாக எழுத வேண்டியதில்லை. தையற்காரர், தட்டார், கணக்குப்பிள்ளை எல்லோரும் இந்த விஷயத்தில் நம் கட்சிதான்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில், மளிகை மண்டிகளுக்கும் ஜவுளிக் கடைகளுக்கும் நடுவே இருந்த ஒரு பாத்திரக் கடையில், யுத்தத்துக்கு முன்பும் யுத்தம் நடந்தபோதும் நான் அந்த வேலை பார்த்தேன். வாசற்படி ஓரமாக ஒரு கோணிச் சாக்கு, ஒரு மரக்கட்டை, சில சிற்றுளிகள், ஒரு சின்னச் சுத்தியல். இவ்வளவுதான் என் ஆபீஸ். கல்லாவில் முதலாளி. சாமான்களை எடுத்துக் காட்டி விற்கிறவன் பழனியப்பன். எந்தச் சாமானையும் தன் வீட்டில் பத்து வருஷம் புழங்கியவன் மாதிரி பேசுவான். அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. மூன்று வேளையும் ஓட்டல் சாப்பாடு.

கல்யாணச் சீர், புது வீடு, கோயிலுக்கு நேர்ந்துகொண்டது என்று நல்ல காரியத்துக்குத்தான் ஜனங்கள் பெயர் வெட்ட வருவார்கள் என்று நினைத்து அந்தத் தொழிலில் சேர்ந்தேன். முக்கால்வாசி அப்படித்தான். அவையெல்லாம் ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. மறக்காமல் இருப்பவை இவைதான்.

அருவாமணை

வீட்டுக்கு ஒரே ஒரு சாமான்தான் வாங்க முடியும் என்றால் அருவாமணையை வாங்குங்கள் என்பான் பழனியப்பன். காய் அரியலாம், கீரை நறுக்கலாம், மீன் கழுவலாம். நுனியில் பல் வைத்ததாக இருந்தால் தேங்காயும் துருவலாம். பலகை கனமாக இருக்க வேண்டும், உட்கார்ந்தால் ஆடக் கூடாது, அலகின் கழுத்து நம்மைப் பார்த்து வளைந்திருக்க வேண்டும். ஒரு நாள் காலையில் இதையெல்லாம் அவன் அடுக்கி முடித்தபோது, எதிரே நின்றவர் காதில் ஒன்றும் விழுந்ததாகத் தெரியவில்லை. அம்மாபேட்டைத் தறிக்காரர். மழித்த தலையில் முடி அப்போதுதான் குத்திக்கொண்டு வந்திருந்தது.

அந்தச் சமயம் ஊரில் வாந்திபேதி. அவர் சம்சாரம் அதில் போய்விட்டாள். காரியம் முடிந்த கையோடு பெண் வீட்டார் வந்து, தாங்கள் கொடுத்த சீர்ப் பாத்திரங்களையெல்லாம் பொறுக்கி எடுத்துப் போய்விட்டார்கள். எல்லாவற்றிலும் அவள் பெயர் வெட்டியிருந்ததால் தகராறுக்கே இடமில்லை. அருவாமணையைக்கூட விடவில்லை. இதை அவர் முறையீடாகச் சொல்லவில்லை. என்ன பெயர் வெட்டட்டும் என்று நான் கேட்டதற்குப் பதிலாகச் சொன்னார். சொல்லிவிட்டு, "எம் பேரையே வெட்டிப்போடுங்க" என்றார்.

வெட்டிக் கொடுத்ததும், கடை நடுவில் தரையில் வைத்து அதன் மேல் உட்கார்ந்து பார்த்தார். குதிரையேறுகிற மாதிரி இரண்டு பக்கமும் காலைப் போட்டுக்கொண்டார். அலகு வயிற்றுக்கு நேரே நின்றது. சாமான் வாங்க வந்திருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பழனியப்பன் வாய்விட்டே சிரித்துவிட்டான். அவர் எழுந்திருக்கவில்லை. அந்தப் பெண்கள் பக்கம் திரும்பி நிதானமாகக் கேட்டார்:

"சிரிக்கறதுன்னாச் சிரிச்சுக்கங்க. வெங்காயம் அரியறப்ப எந்தக் கால மடக்கோணும், எந்தக் கால மணைமேல வெக்கோணும்னு மட்டும் சொல்லிப்போடுங்க. ஊட்டுல ரெண்டு புள்ளைங்க பசியோட உக்காந்திருக்குதுங்க."

காபி பில்டர்

பித்தளைக் காபி பில்டர் அப்போது டவுன் வீடுகளில் புதுப் பெருமை. பழைய துணியில் வடிகட்டின காபிக்கும் பில்டரில் இறங்கின டிகாஷனுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பழனியப்பன் கால் மணி நேரம் பேசுவான். மேல் பாத்திரத்தின் துளைகள் ஊசிமுனை மாதிரி இருக்க வேண்டும், கீழ்ப் பாத்திரத்தில் ஆடாமல் உட்கார வேண்டும். அந்தப் பில்டர் ஒன்றை மற்ற சாமான்களோடு ஒரு குதிரை வண்டியில் போட்டுக்கொண்டு அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள். அண்ணன் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. அப்பா இறந்த பிறகு பாகப்பிரிவினை வழக்கு நடந்து, மத்தியஸ்தர்கள் முன்னிலையில் ஒருவழியாக முடிந்திருந்தது. இனி வம்பு வரக் கூடாது என்பதற்காக அவரவர் பங்குப் பாத்திரத்தில் அவரவர் பெயர். கூடவே அவர்கள் அம்மாவும் வந்து, படியில் உட்கார்ந்துகொண்டாள்.

குடம், குத்துவிளக்கு, அண்டா எல்லாம் இரண்டிரண்டு இருந்தன. பில்டர் ஒன்றுதான். மேல் பாத்திரத்தில் தன் பெயரையும் கீழ்ப் பாத்திரத்தில் தம்பி பெயரையும் வெட்டச் சொன்னார் அண்ணன். "ரெண்டும் சேர்ந்திருந்தாத்தானே சார் பில்டர்?" என்று நான் வாயை விட்டுவிட்டேன். "அது எங்களுக்கும் தெரியும். நீ வெட்டு" என்றார். தம்பியும் தலையை ஆட்டினார். அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனதை அன்றைக்கு அந்த ஒரு தடவைதான் பார்த்தேன். மூடி யாருக்கு என்று மத்தியஸ்தர்கள் சொல்ல மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. அது அந்த அம்மாள் கையில் இருந்தது. நான் வெட்டி முடிக்கும் வரை அதை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பெரிய மகனைப் பார்த்துக் கேட்டாள்:

"மேல்பாதி உன் வீட்டுல, கீழ்பாதி அவன் வீட்டுல. எனக்கு டிகாஷன் எங்கடா இறங்கும்? நடுத்தெருவுலயா?"

இட்லிக் கொப்பரை

இது சின்ன விஷயம். வாழப்பாடியிலிருந்து பஸ் ஏறி ஒரு பெண் வந்தாள். கையில் துணி சுற்றிய ஒரு நல்ல இட்லிக் கொப்பரை. விற்பதற்கு இல்லை, ஈயம் பூச இல்லை, பெயர் வெட்டவும் இல்லை. கல்யாணமான புதிதில் புருஷன் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்ததாம். உன் பெயரைத்தான் வெட்டியிருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். கடலைக்காய் வியாபாரி, மாதத்தில் பாதி நாள் ஆத்தூர்ப் பக்கம் சுற்றுகிறவன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. முந்தின நாள் பக்கத்து வீட்டுக்குப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் விருந்துக்கு வந்தபோது இவள் கொப்பரையை இரவல் கொடுத்திருக்கிறாள். வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு ஏதோ ஒரு பெயரைப் படித்தாராம். அது இவள் பெயர் இல்லை. வாத்தியாருக்குக் கண் சரியில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி சமாதானம் சொல்லியிருக்கிறாள். வெட்டுகிறவர்களையே கேட்டுவிடலாம் என்று வந்துவிட்டாள்.

எழுத்து என் கை வேலை இல்லை. ஆனால் தெளிவாக இருந்தது. கடையில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவள் பெயர் என்ன என்று கேட்டேன். சொன்னாள். பொய் சொல்லலாமா என்று நினைப்பதற்குள் என் முகமே சொல்லிவிட்டது. அவள் அழவில்லை. கொப்பரையின் அடியைத் திருப்பிப் பார்த்தாள். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து அது கண்ணாடி மாதிரி இருந்தது.

"இத்தனை வருசமா எவளோ ஒருத்தியோட பாத்திரத்தையா நான் வெளக்கிக்கிட்டு இருந்தேன்?"

சந்தகை மரம்

மல்லசமுத்திரத்துப் பக்கத்திலிருந்து ஒரு பண்ணையக்காரர் மாட்டு வண்டியில் வந்தார். வண்டி நிறையச் சாமான். பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. போன வருஷம் அவர் மூத்த மகள் செல்லாத்தாவின் கல்யாணத்துக்கு எங்கள் கடையில் எடுத்த சீர். ஒவ்வொன்றிலும் நான்தான் பெயர் வெட்டினேன். அதில் ஒரு சந்தகை மரமும் இருந்தது. வெந்த மாவை நூல் நூலாகப் பிழிகிற சாமான். கனமான மரச்சட்டம், நடுவில் பித்தளை நாழி. மாப்பிள்ளை வீட்டு விருந்துக்குச் சந்தகை இல்லாமல் அந்தப் பக்கத்தில் ஒன்றும் நடக்காது. ஒருத்தி மாவைப் போட, இன்னொருத்தி மேலே அழுத்த வேண்டும். தனியாளாகப் புழங்க முடியாத சாமான் கடையில் அது ஒன்றுதான் என்பான் பழனியப்பன்.

செல்லாத்தா தலைப் பிரசவத்தில் இறந்துபோனாள். குழந்தை தங்கிவிட்டது. குழந்தைக்காகவும் நிலம் நீச்சு வெளியே போகாமல் இருப்பதற்காகவும் இளைய மகள் பாவாத்தாவை அதே மாப்பிள்ளைக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்துவிட்டார்கள். அதே சீர் போதும் என்று சம்பந்தியும் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். பெயரை மட்டும் மாற்ற வேண்டும். "செல்லாத்தான்னு இருக்குதில்லீங்க, முன்னால மட்டும் ராவிப்போட்டு மாத்துங்க. பின்னால 'த்தா' அப்படியே இருக்கட்டும். உங்களுக்கும் வேல கொறையும்" என்றார். கல் நெஞ்சுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். பேசாமல் இருந்தால் அழ வேண்டியிருக்கும் என்று பேசினார்.

வண்டிக்குப் பக்கத்தில் பாவாத்தா நின்றுகொண்டிருந்தாள். பதினாறு வயதுகூட இருக்காது. இடுப்பில் அக்காவின் குழந்தை. அக்கா போனதிலிருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாப்பிள்ளை வீட்டில்தான் இருக்கிறாளாம். நான் சந்தகை நாழியை எடுத்துக் கட்டையில் பொருத்தி, முதல் எழுத்தின் மேல் அரத்தை வைத்தேன். அவள் கிட்டே வந்து என் கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தினாள். அந்தச் சாமான்கள் ஓர் எழுத்தும் மாறாமல் அப்படியே வண்டியேறித் திரும்பிப் போயின. அப்பா வழியெல்லாம் என்ன பேசியிருப்பாரோ தெரியாது. கடையில் அவள் சொன்னது இவ்வளவுதான்:

"பேர மாத்தோண்டாங்க. அந்த ஊட்டுல இப்பவே என்னையச் செல்லாத்தான்னுதான் கூப்புடறாங்க."

பம்பு ஸ்டவ்

மண்ணெண்ணெய் ஸ்டவ்வை எங்கள் கடையில் முதலில் வாங்கியவர்களில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் உண்டு. அவர் மனைவிக்கு விறகுப் புகையில் கண் சிவந்து, நீர் வடிந்து, பார்வையே மங்கிக்கொண்டு வந்தது. விறகடுப்பை விட்டால்தான் கண் தங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பழனியப்பன் கடை வாசலிலேயே ஸ்டவ்வைப் பற்ற வைத்துக் காட்டினான். கிண்ணத்தில் சாராயம் ஊற்றிச் சூடேற்றுவது, பம்பு அடிப்பது, சுடர் மங்கினால் ஊசியால் துளையைக் குத்திவிடுவது எல்லாம் சொல்லிக் கொடுத்தான். நீலமாக ஒரு சுடர் புஸ்ஸென்று எழுந்து நின்றதைப் பார்க்கத் தெருவே கூடியது. புகை என்பது பேருக்குக்கூட இல்லை. அந்த அம்மாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்கு முன் அடுப்பை அவள் கண்ணைச் சுருக்காமல் பார்த்திருக்க மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

சில மாதங்கள் கழித்து ஸ்டவ் வெடித்துவிட்டது. துளை அடைத்திருப்பதைக் கவனிக்காமல் பம்பு அடித்துக்கொண்டே போயிருக்கிறாள். வலது கன்னம், காது, கை எல்லாம் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். செய்தி வந்த நாளிலிருந்து பழனியப்பன் ஸ்டவ் பக்கமே போகவில்லை. யாராவது கேட்டால், "சரக்கு இல்லை" என்பான். சரக்கு பரணில் இருந்தது.

பிறகு ஒரு நாள் அவளே வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டிருந்தாள். பழனியப்பன் அண்டாக்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அவள் பையிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தது அந்த ஸ்டவ். கொல்லையில் வீசியிருந்ததை அவளே தேடி எடுத்து, ரிப்பேர்க்காரனிடம் கொடுத்து, புது வாஷர் போட்டு, பற்ற வைத்துப் பார்த்து வாங்கி வந்திருக்கிறாள். வீட்டில் மாமியாரும் புருஷனும் அதைப் பழைய இரும்புக்காரனிடம் போடுவதாக இருக்கிறார்கள். ஆகையால் அதில் தன் பெயரை வெட்ட வேண்டும். பெயர் இருந்தால் அவளைக் கேட்காமல் யாரும் தூக்கிக் கொடுக்க முடியாதாம். எண்ணெய் டாங்கியில் உளி படக் கூடாது, காலில்தான் வெட்ட முடியும் என்றேன். காலிலேயே வெட்டுங்கள் என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. "ஏம்மா, இவ்வளவு நடந்தும் இது மறுபடி வேணுமா?" என்று கேட்டுவிட்டேன். அவள் முக்காட்டை விலக்கினாள். நான் பார்க்க வேண்டும் என்றே விலக்கினாள்.

"மூஞ்சி போனதுதான் போயிருச்சு சாமி. கண்ணு இருக்குதில்ல? மறுக்கா வெறகடுப்புல குந்தி அதையும் போக்கிக்கச் சொல்றீங்களா?"

தூக்குப்போசி

யுத்தம் வந்தது. பித்தளைத் தகடு வருவது நின்றது. புதுச் சாமான் இல்லை, வாங்க ஆளும் இல்லை; பழையதை விற்கத்தான் வரிசையாக வந்தார்கள். நூல் கிடைக்காமல் தறிகள் நின்றுபோய், நெசவுக்காரர் வீடுகளில் அடுப்படி ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தது. வேறொருவர் பெயர் இருக்கிற பாத்திரத்தை யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் முதலாளி என்னைப் பெயர் அழிக்கிற வேலையில் போட்டார். அரத்தால் ராவி, மணல் போட்டுத் தேய்த்து, புளி போட்டு மெருகேற்ற வேண்டும். என் கையால் வெட்டிய பெயர்களை நானே அழித்தேன்.

குகை என்கிற பேட்டையிலிருந்து அங்கம்மா என்று ஒருத்தி வருவாள். புருஷன் தறிக்காரர், இரண்டு பெண் குழந்தைகள். விருந்து ஏது என்று முதலில் அண்டாவைக் கொடுத்தாள். பிறகு மாவு ஆட்ட அரிசி இல்லை என்று இட்லிக் கொப்பரை. பிறகு முறுக்கு உழக்கு, பணியாரச் சட்டி. தண்ணீருக்கு மண்பானை போதும் என்று குடம். ஒவ்வொரு தடவையும் சாமானை என் முன்னால் வைத்துவிட்டு, பெயர் இருக்கிற இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவாள். கடைசியாக ஒரு தூக்குப்போசியைக் கொண்டுவந்தாள். பிடியும் மூடியும் வைத்த பாத்திரம். தறிப் பட்டறையில் இருக்கும் புருஷனுக்கு மத்தியானச் சோறு கொண்டுபோனது. தறி நின்ற பிறகு அதற்கும் வேலை இல்லை.

அப்புறம் பேட்டைக் கோடியில் தர்மத்துக்குக் கஞ்சி ஊற்ற ஆரம்பித்தார்கள். அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ அங்கம்மா வந்து, படியேறாமல் கீழேயே நின்றாள். கையில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் பெரிய பெண், உள்ளங்கையில் சுண்ணாம்பும் எண்ணெயும் தடவிக்கொண்டு. கஞ்சி வாங்கப் பாத்திரம் இல்லாமல் இலையைக் கோட்டிப் பிடித்திருக்கிறாள். இலை கிழிந்து கொதிக்கிற கஞ்சி கையில் கொட்டிவிட்டது. இனிமேல் பாத்திரம் இல்லாதவர்களுக்கு ஊற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். அங்கம்மாவின் கண் என் பக்கத்தில் மெருகேறி நின்ற போசி மேல் இருந்தது. பெயரை நான் முந்தின நாள்தான் அழித்து முடித்திருந்தேன்.

"அது இன்னும் விக்கலீங்களா?" என்றாள். "மத்தியானத்துக்குள்ள வெளக்கிக் கொண்டாந்து குடுத்தர்றனுங்க. அங்க சூடா ஊத்தறாங்க, கையில வாங்க முடியறதில்ல."

நான் முதலாளியைப் பார்த்தேன். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அன்றைக்கு ஒருத்திக்குக் கொடுத்தால் நாளைக்குத் தெருவே வந்து நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். "கடைச் சாமான இரவல் குடுத்தா அப்புறம் கடை எதுக்கு வெச்சிருக்கோம்?" என்றார். பழனியப்பன் வந்து போசியைத் தூக்கி, அடியில் தட்டி, காதில் வைத்துக் கேட்டான். "அடி கொஞ்சம் ஒழுகற மாதிரி இருக்குதுங்க முதலாளி. சூடா எதையாச்சும் ஊத்திப் பாக்காம விக்கக் கூடாது. இவங்க ஊத்திப் பாத்துட்டு வந்து சொல்லட்டும்" என்றான். முதலாளி பேரேட்டைப் புரட்ட ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து தினமும் அந்தப் போசி ஒழுகுகிறதா என்று பார்க்கப் போய்வந்தது. சாம்பல் போட்டு விளக்கி, நான் ஏற்றிய மெருகைவிட நன்றாகப் பளபளக்க வைத்து, மத்தியானத்துக்குள் படியில் வைத்துவிட்டுப் போவாள். ஒரு தடவை இராசிபுரத்துக்காரர் ஒருவர் அதுதான் வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். பழனியப்பன் வெளியே போயிருந்தான். நான் என்ன சொல்வது என்று விழித்துக்கொண்டிருந்தபோது, கல்லாவிலிருந்து முதலாளியே, "அது ஒழுகுமுங்க, வேற பாருங்க" என்றார். அந்த வருஷங்களில் நான் கண்ட நல்ல காரியம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன்.

பிறகு ஒரு நாள் போசி திரும்பி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. விற்றுவிட்டாளோ என்று முதலாளி கேட்கவில்லை. ஆனால் படியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஒரு காலையில் எலும்பும் தோலுமாக ஒருவர் வந்து, "பேர் வெட்டறவரு யாருங்க?" என்று கேட்டார். கையில் போசி. அங்கம்மாவின் புருஷன். அவளுக்கு எத்தனையோ நாளாகக் காய்ச்சல் இருந்திருக்கிறது. எங்களிடம் வந்துபோனதெல்லாம் காய்ச்சலோடுதான். வாங்கிப்போகிற கஞ்சியில் அவள் வாய் வைத்ததே இல்லை என்று பெரிய பெண் பின்னால் சொல்லித்தான் அவருக்கே தெரிந்ததாம். குழந்தைகளைச் சின்னம்மா வீட்டில் விட்டுவிட்டு, அவர் கோயமுத்தூர் மில்லுக்கு வேலை தேடிப் புறப்பட்டிருந்தார்.

முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். அவர் அப்படி வந்து நான் அதுவரை பார்த்ததில்லை. "அதை நீங்களே வெச்சுக்குங்க. புள்ளைங்களுக்கு ஆகும்" என்றார். பழனியப்பனும் சொன்னான். அந்த மனிதர் கேட்கவில்லை. போசியைத் துண்டால் ஒரு தரம் துடைத்து என் கட்டையின் மேல் வைத்தார்.

"கண்ண மூடறதுக்கு மிந்தி அவ சொன்னது இது ஒண்ணுதானுங்க: 'போசிய மறக்காமக் கடையில குடுத்துப்போடுங்க, அது நம்முளுது இல்ல.'"

புதுக் குடித்தனத்துக்கு எந்தச் சாமான் உபயோகப்படும் என்று இன்றைக்கும் என்னைத் தேடி வந்து கேட்கிறார்கள். எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், பெயர் மட்டும் வெட்ட வேண்டாம் என்று நான் சொன்னால், பழைய தொழில்காரன் தமாஷ் பண்ணுகிறான் என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள்.